தேர்வுரிமைப் பிரிவில் ஓர் அலமாரிக்காரர்

அலமாரிக்காரருக்கு ஒரு கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனை ஸ்கேன் குழாயின் உள் அகலம் அறுபது சென்டிமீட்டர். அவர் தன் பட்டறையில், வளையும் பிளைவுட்டை ஆவி காட்டி வளைத்து, பழகிக்கொள்வதற்காகச் செய்துவைத்திருந்த குழாயின் உள் அகலமும் அறுபது சென்டிமீட்டர்தான். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. இரண்டும் ஐந்தடி நீளம். உள்ளே அதே வெள்ளை பெயிண்ட். பட்டறைக் குழாயின் வாயில் உட்கார்ந்து, மெல்ல உள்ளே வழுக்கிப் போய், மல்லாந்து படுத்தால் நாற்பது நிமிடம் அசையாமல் கிடப்பார். ஒருநாள் குறட்டையே விட்டார். மருத்துவமனைக் குழாயில் பதினோரு விநாடி. பன்னிரண்டாவது விநாடி கையிலிருந்த ரப்பர் குமிழை நசுக்கி, "வெளிய எடுங்க, வெளிய எடுங்க" என்று கத்தி, இடுப்பில் கட்டிய ஆஸ்பத்திரி உடை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் வாசலில் நின்றார்.

அதே அளவு, அதே வடிவம், அதே ஆள். பிறகு ஏன்?

சத்தம்தான் காரணமோ என்று பட்டறைக் குழாய்க்குப் பக்கத்தில் மரம் இழைக்கும் எந்திரத்தை ஓடவிட்டும் படுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. தவிர, மருத்துவமனையில் அந்தப் பதினோரு விநாடியில் எந்திரம் சத்தம் போடவே ஆரம்பித்திருக்கவில்லை.

விஷயம் அவரைப் பற்றியது மட்டும் என்றால், போகட்டும் என்று விட்டிருப்பார். அது அவருடைய அக்காவின் ஈரல். ஆறு வருஷம் மூத்தவள். கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, கால் வீங்கிக் கிடந்தாள். தம்பியின் ஈரலில் பாதியை வெட்டி அவளுக்கு வைத்தால் பிழைப்பாள். ஈரல் ஒரு விசித்திரமான உறுப்பு. வெட்டிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சில வாரங்களில் வளர்ந்துவிடும். ஆனால் அதற்குள் ஓடும் பித்தக் குழாய்கள் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி கிளை பிரியும். எங்கே பிரிகிறது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது. அதற்குத்தான் ஸ்கேன். ஸ்கேன் இல்லாமல் அறுவை இல்லை. அறுவை இல்லாவிட்டால் அக்கா இல்லை.

முதல் நாள் ஓடிவந்த பிறகு அக்கா கேட்டாள், "என்னடா, முடிஞ்சுதா?"

"மிஷின் ரிப்பேர் அக்கா" என்றார் அலமாரிக்காரர்.

சொன்ன கையோடு எழுந்துபோய் அவள் வீட்டு சமையலறை அலமாரியின் கீலைத் திருக ஆரம்பித்தார். கீல் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஸ்க்ரூடிரைவரோடு போனார். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இங்கே அந்த எந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. குழாய் என்பது உண்மையில் ஒரு பெரிய காந்தச் சுருள். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் கோடானுகோடிப் பொடி ஊசிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காந்தத்துக்குள் போனதும் அவை ஒரு திசை பார்த்து நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் சாயும், விட்டால் நிமிரும். நிமிரும்போது மெலிதாக ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்டு வரைவதுதான் படம். சுருள் உடம்பை நெருக்கிச் சுற்றியிருந்தால் காந்தம் பலமாக, சீராக இருக்கும்; படம் துல்லியமாக விழும். பக்கங்களைத் திறந்துவிட்டு, மேலே ஒரு தட்டு கீழே ஒரு தட்டு என்று வைத்தால் ஆளுக்குக் காற்றோட்டம், காந்தம் நோஞ்சான், படம் மங்கல். இவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த மருத்துவமனையில் இதைச் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. நோயாளியின் தேர்வில் தலையிட்டதாக ஆகிவிடும். அதற்காகவே தேர்வுரிமைப் பிரிவு என்று ஒன்று இரண்டாவது மாடி முழுவதையும் பிடித்துக்கொண்டு இருந்தது.

ஓடிவந்தவர்களை அங்கேதான் அனுப்புவார்கள். அலமாரிக்காரர் போனபோது, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு ஆள் உயரத் தட்டியில் தன் முகத்தையே பார்த்தார். கீழே 'இம்மாத உயிர்க்கொடையாளர்' என்று எழுதியிருந்தது. எதிரே வந்த ஒரு அம்மா அவரையும் தட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார்.

தேர்வுரிமை அலுவலர் கைகுலுக்கி வரவேற்றார். சட்டைப்பையில் நான்கு நிறப் பேனா.

"சார், நான் இன்னும் எதையும் கொடுக்கலையே. ஸ்கேனே எடுக்கல. அந்தப் படத்தைக் கொஞ்சம் எடுத்துட்டா..."

"பாராட்டு முதல் வாரத்து வேலை சார். ஸ்கேன் ரெண்டாவது வாரத்து வேலை. நீங்க பின்தங்கினதுக்காக நாங்க பாராட்டை நிறுத்த முடியுமா?"

தேர்வுக்கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. நான்கு எந்திரங்களின் முழு அளவு மாதிரிகள் வரிசையாக நின்றன, தெர்மாகோலில். மூலை இணைப்புகள் எல்லாம் பசையில் பிளந்துகொண்டு நின்றதை அலமாரிக்காரரின் கண் முதலில் பார்த்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ப் பலகை: முத்து, விசாலம், வானம், நிமிர்வு.

அலுவலர் விளக்கினார். "முத்து, நீங்க போயிட்டு வந்தது. அறுபது சென்டிமீட்டர். விசாலம், எழுபது. வானம், பக்கமெல்லாம் திறந்தது. நிமிர்வு, நின்னுக்கிட்டே எடுக்கறது."

"நின்னுக்கிட்டேவா! அது நல்லாருக்கே. அதுலயே எடுத்துடலாமா?"

"தாராளமா தேர்ந்தெடுக்கலாம். இன்னும் வாங்கல."

"வாங்காததை எப்படி சார்..."

"வாங்கறது கொள்முதல் பிரிவு. தேர்ந்தெடுக்கறது உங்க உரிமை. இதுவரைக்கும் முப்பத்தொரு பேர் நிமிர்வைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"அவங்கல்லாம் எங்க?"

"காத்திருக்காங்க" என்றார் அலுவலர் பெருமையோடு. "முழு விருப்பத்தோட."

"மயக்க மாத்திரை ஏதாவது போட்டுக்கிட்டுப் போனா?"

"கொடையாளர் எல்லா நேரமும் தெளிஞ்ச புத்தியோட இருக்கணும் சார். மாத்திரை போட்டா உங்க சம்மதம் மாத்திரையோட சம்மதமா ஆயிடும்."

படிவம் பதினாறு பக்கம். குழாய்க்குள் என்ன நிற விளக்கு வேண்டும் என்பதற்கு ஒன்பது கட்டங்கள். என்ன இசை, மழைச் சத்தமா அலைச் சத்தமா, மழை என்றால் தகரக் கூரையிலா இலையிலா. அறையில் என்ன வாசனை. அலமாரிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். 'உங்கள் பயத்தைப் பத்துக்கு எத்தனை என்று குறிக்கவும்.'

"ஏழுக்குக் கீழ போட்டா முத்துதான்" என்றார் அலுவலர். "ஏழுக்கு மேல போட்டா, மனநிலை கொடைக்குத் தகுதியில்லைன்னு போயிடும்."

"அப்போ ஏழு போட்டா?"

"விசாலம் கிடைக்கலாம். ஆனா நான் எதுவும் சொல்லக் கூடாது."

அலமாரிக்காரர் ஏழு என்று போட்டார். மனசுக்குள் அது ஒன்பது. அக்காவிடம் ஒரு பொய், படிவத்தில் ஒரு பொய்.

ஏழு போட்டவர்கள் அதை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பயம் பார்க்கும் டாக்டர். அவருடைய அறை ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. கதவைச் சாத்தினால் நாற்காலியை நகர்த்த முடியாது. அங்கே உட்கார்ந்து யாருக்கு வியர்க்கிறது என்று பார்ப்பதும் சோதனையில் சேர்த்தி.

"சின்ன வயசுல யாராவது உங்களை அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினாங்களா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிங்க."

"இப்போ நானே தினமும் போறேங்க."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எங்க?"

"அலமாரிக்குள்ள. அதான் தொழில். பின்பலகையை உள்ள இருந்துதான் அடிக்கணும். சில சமயம் பையன் வெளிய கதவைச் சாத்திடுவான். நான் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது வேலையைப் பொறுத்து. மூணு கதவு அலமாரின்னா அரை மணி."

டாக்டர் கொஞ்சம் கோபமாகவே எழுதினார். சான்றிதழ் மூன்று வரி. 'இவர் பெட்டிகளுக்குள் பணிபுரிபவர். பயம் தொழில்முறையில் சாத்தியமில்லை. இது எழுபத்திரண்டு மணி நேரம் செல்லும்.'

"ஐயா, ஆனா அந்தக் குழாய்க்குள்ள எனக்கு மூச்சே நின்னுடுதுங்களே!"

"அது உங்க அனுபவம். இது என் மதிப்பீடு. ரெண்டையும் கலக்கக் கூடாது."

விசாலம் கைநழுவியது. மேல்முறையீடு உண்டு, ஆறு வாரம் ஆகும். முத்து வேண்டாம், நிமிர்வு இல்லை. மிச்சம் இருந்தது வானம். அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. 'என் சொந்த விருப்பம்' என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அலமாரிக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "இதுல ஈரல் நல்லாத் தெரியுமா சார்?"

"வசதி எப்படின்னு கேளுங்க, சொல்றேன்."

அந்த நொடியில் அவருக்குச் சந்தேகம் வந்தது. வந்தது என்பதுதான் பிறகு அவரை வாட்டியது. முப்பது வருஷமாகப் பலகையைத் தட்டிப் பார்த்து உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று சொல்லும் ஆள்; அந்தப் பதிலைக் கேட்டதும் உள்ளே பொத்தல் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டார். குழாய் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.

வானம் சொர்க்கமாக இருந்தது. இலையில் மழை பெய்தது. பக்கவாட்டில் ஜன்னல் தெரிந்தது. அவர் தூங்கியே போனார். வெளியே வந்ததும் ஒரு கருத்துச் சீட்டு கொடுத்தார்கள். 'உங்கள் தேர்வு உங்களுக்குத் திருப்தி அளித்ததா?' 'மிகவும்' என்று டிக் போட்டார்.

ஒன்பது நாள் கழித்துப் படம் அறுவை மருத்துவரின் மேசைக்குப் போனது. அவர் அதை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார், திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"குளியலறைக் கண்ணாடி வழியா ஆள் பார்த்த மாதிரி இருக்கு. யாரு இதுல எடுக்கச் சொன்னது?"

"நான்தான் தேர்ந்தெடுத்தேங்க."

"நீங்க யாரு? ரேடியாலஜி படிச்சவரா?"

"அலமாரி செய்றவன்."

மருத்துவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க அக்காவுக்கு நேத்து வயித்துல இருந்து நாலு லிட்டர் தண்ணி எடுத்திருக்கோம். எனக்கு இந்தப் பித்தக் குழாய் எங்க பிரியுதுன்னு தெரியணும். நல்ல காந்தத்துல, மூச்சைப் பிடிச்சு, அசையாம. வேற எதுவும் எனக்கு வேண்டாம். மூணு வாரத்துக்கு மேல அவங்க தாங்க மாட்டாங்க."

அலமாரிக்காரர் இரண்டாவது மாடிக்கு ஏறினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அலுவலகத்தில் குரலை உயர்த்தினார். "ஈரலுக்கு ஆகாத மிஷினை ஈரலுக்கு வந்தவன்கிட்ட எதுக்கு சார் காட்டுனீங்க?"

அலுவலர் பதறவில்லை. அவருக்கு அது பழகிய கேள்வி. "பாருங்க சார். முன்னாடியெல்லாம் டாக்டர் சொல்லுவார், நோயாளி செய்வார். தப்பா போனா டாக்டரைப் பிடிப்பாங்க. மருத்துவமனைக்கு எவ்வளவு கஷ்டம்! இப்போ பாருங்க, பிரிவு ஆரம்பிச்சு மூணு வருஷத்துல எங்க மேல ஒரு புகார்கூட நிக்கல. எல்லாத் தப்பும் நோயாளிங்களே அவங்க கைப்பட தேர்ந்தெடுத்தது. காட்டறது எங்க கடமை. தேர்ந்தெடுக்கறது உங்க உரிமை. அது உதவுமா உதவாதாங்கறது சிகிச்சைப் பிரிவு. இதுல யாரு தப்பு செஞ்சா? சொல்லுங்க."

அலமாரிக்காரருக்குப் பதில் தெரிந்திருந்தது. மூன்று கையெழுத்தும் அவருடையவை.

இறங்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் தட்டி மாறியிருந்தது. அதே முகம், கீழே புதிய வாசகம். 'வானம் எனக்கு மிகவும் திருப்தி அளித்தது.'

அன்று அவர் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய், பிளைவுட் குழாய்க்குள் படுத்துக்கொண்டார். அங்கே மட்டும்தான் யாருக்கும் எதுவும் செய்யாமல் இருப்பது பயிற்சி என்ற பெயரில் நடந்தது.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ சத்தம். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாலடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். மரத்தூள் வாசனைக்குக் குமட்டி வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எங்கடா இருக்க?"

குழாயின் வாயிலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. "நீ ஏன்க்கா வந்த? இந்த நிலைமையில!"

"எங்க வீட்டுல எல்லாக் கீலும் சரியாயிடுச்சு. இனி நீ எதைத் திருகிட்டு என்கிட்ட முழிப்பேன்னு பார்க்க வந்தேன்."

"அக்கா... அன்னைக்கு மிஷின் ரிப்பேர் இல்ல."

"தெரியும். அன்னைக்கே நர்ஸ் சொல்லிடுச்சு. நீ ஓடினதுல அவிழ்ந்தது வரைக்கும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா அசிங்கமா இருக்கும்."

அவர் உண்மையிலேயே அழுதார். அறுபது சென்டிமீட்டர் குழாய்க்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும். "வானத்துல மங்கலா வரும்னு எனக்குத் தோணுச்சுக்கா. தோணியும் கையெழுத்து போட்டேன். ஒன்பது நாள் போச்சு. உன் ஒன்பது நாளு. வேற யாராவது கொடுக்கறவங்க இருந்திருந்தா..."

"இருந்திருந்தா அவங்களைத் திட்டியிருப்பேன். இப்போ உன்னைத் திட்டறேன். சரி, பயம்னு சொல்ற. இதுக்குள்ள எப்படி செத்தவன் மாதிரி கிடக்கற?"

"அதான் புரியல. அளவெல்லாம் ஒண்ணுதான். அரை மில்லி வித்தியாசம் இல்ல. ஈரல் நடுவுல வர்ற மாதிரி பென்சில்ல கோடுகூடப் போட்டிருக்கேன்."

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். குழாயைப் பார்த்தாள். தம்பியின் தலையைப் பார்த்தாள். சுற்றிப் போய் அந்தக் கடைசியில் குனிய முடியாமல் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். அங்கே அவர் பாதம் தெரிந்தது.

"டேய், எனக்குப் போன மாசம் எடுத்தாங்கல்ல, அதே மிஷின்தான். தலையைத்தான் முதல்ல உள்ள விட்டாங்க. என் தலை குழாய் முழுக்கப் போயி அந்தக் கோடியில நின்னுச்சு. நீ இங்க காலை முதல்ல விட்டுப் படுத்திருக்க."

அலமாரிக்காரர் அழுகையை நிறுத்தினார்.

கணக்கு மிகச் சுலபம். ஈரல் குழாயின் நடுவில் இருக்க வேண்டும். குழாய் ஐந்தடி. எந்தப் பக்கமாகப் போனாலும் தலை ஏதோ ஒரு வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே நிற்கும். தலை முதலில் போனால், முகம் குழாய் முழுவதையும் கடந்து, சுவரைப் பார்த்த பின்வாய்க்குப் பக்கத்தில் நிற்கும். வந்த வழி காலுக்கு அப்பால் எங்கோ இருக்கும். கால் முதலில் போனால், தலை வந்த வாயிலேயே நிற்கும். மோவாயைக் கொஞ்சம் தூக்கினால் அறை தெரியும், கதவு தெரியும், ஆள் தெரியும். அவர் குழாயை அரை மில்லிக்கு அளந்திருந்தார். தன்னை எந்தப் பக்கமாக வைப்பது என்பதை அளக்கவில்லை. பதினாறு பக்கப் படிவமும் அளக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் நேராகத் தரைத்தளத்துக்குப் போனார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் அலமாரிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, காலை முதல்ல விட்டு எடுக்க முடியுமா?"

"முடியும்ணே. தலையணையை இந்தப் பக்கம் வைக்கணும். கம்ப்யூட்டர்ல 'கால் முதல்'னு ஒண்ணை மாத்தணும். அரை நிமிஷம்."

"படம் கெட்டுப் போகுமா?"

"ஈரல் நடுவுல இருந்தா அதுக்கு எது தலை எது காலுன்னு கவலை இல்ல."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லக் கூடாதுண்ணே. யாராவது பயந்தா மேல அனுப்பிடணும், நாங்க யோசனை சொன்னா விருப்பத்துல தலையிட்டதா மெமோ வரும். நீங்க ஓடினப்பவே வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னைக்கு சொல்லியிருந்தா..." அவள் அக்காவின் வீங்கிய காலைப் பார்த்தாள். "எனக்கும் தூக்கம் வரலண்ணே."

செய்தி எப்படியோ இரண்டாவது மாடிக்கு எட்டிவிட்டது. அலுவலர் மூச்சு வாங்க வந்து நின்றார். "கால் முதல்ங்கறது தேர்வுப் பட்டியல்ல இல்லையே! குழு கூடி, அஞ்சாவது மாதிரி செஞ்சு, பேர் வச்சு... மூணு மாசமாவது ஆகும்."

"சார்" என்றாள் அந்தப் பெண். "தலையணையை எந்தப் பக்கம் வைக்கறதுங்கறது தேர்வு இல்ல. அது என் வேலை."

"உங்க வேலைன்னா, தப்பாப் போனா உங்க மேலதான் வரும். தெரியுமா?"

"வரட்டும் சார்."

அலுவலருக்கு அது புதிய வாக்கியம். எந்த நிறப் பேனாவால் எழுதுவது என்று தெரியாமல் போய்விட்டார்.

அந்தப் பெண் அக்காவிடம் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, தலையிலிருந்த கொண்டை ஊசிகளை எண்ணி வாங்கிக்கொண்டு, இருவர் காதிலும் பஞ்சு வைத்து, அக்காவைத் தலைமாட்டில் உட்கார வைத்தாள். அலமாரிக்காரரின் வயிற்றின் மேல் தட்டையான சுருளைக் கட்டினாள். ஒரு துணியை நாலாக மடித்தாள். "கண்ணை மேசை நகர்றதுக்கு முன்னாடியே மூடிடணும்ணே. உள்ள போய் மூடினா மனசு ஏற்கெனவே பார்த்திருக்கும்."

மேசை நகர்ந்தது. பதினோராவது விநாடி வந்தது, பன்னிரண்டாவது வந்தது. நெஞ்சு ஒருமுறை உதைத்தது.

"இருக்கேன்டா" என்றாள் அக்கா, அவர் நெற்றியில் கை வைத்து. கை சூடாக இருந்தது. அந்த நாற்பது நிமிடமும் அவள் வீங்கிய காலைத் தொங்கவிட்டபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்காக அவர் படுத்திருந்த இடத்தில், அவருக்காக அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த நினைப்பு குழாயைவிட நெருக்கமாக இருந்தது. ஆனால் அதற்குள் கிடக்க அவருக்கு முடிந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தார், விடச் சொன்னபோது விட்டார்.

மத்தியானம் அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்து, கிளை பிரியும் இடத்தில் விரலை வைத்து, அடுத்த வாரம் புதன்கிழமை என்று தேதி குறித்தார்.

அது முத்து. முதல் நாள் அவர் ஓடிவந்த அதே எந்திரம், அதே அறுபது சென்டிமீட்டர். செய்தது இவ்வளவுதான்: காலை முதலில் விட்டார்கள், மேசை நகரும் முன்பே கண்ணை மூடினார்கள், தலைமாட்டில் சொந்தக்காரர் ஒருவரை உட்கார வைத்தார்கள்.